டிரைட்டன், நார்வின், டிரிப்சா: கலப்பு பிரிட்டிஷ் பைக் கட்டினால் எதைக் கட்டலாம்?

1950களின் இங்கிலாந்தில் வேகமாகப் போக நினைத்த இளைஞனுக்கு ஒரு சிக்கல் இருந்தது. டிரயம்ஃப் வாங்கினால் எஞ்சின் அருமை. எட்வர்ட் டர்னர் 1937-ல் ஸ்பீட் ட்வினுக்காக வடிவமைத்த இரட்டை சிலிண்டரின் வழிவந்தது. ஆனால் வளைவில் சாய்த்தால் ஃபிரேம் நெளியும். நார்ட்டன் வாங்கினால் ஃபிரேம் அற்புதம். எஞ்சினிலிருந்து கூடுதல் குதிரைசக்தியைக் கறப்பது டிரயம்ஃப் அளவுக்கு எளிதில்லை. சரி, டிரயம்ஃப் எஞ்சினை நார்ட்டன் ஃபிரேமில் ஏற்றிவிடுவோம் என்று பலர் இறங்கியதில் பிறந்தவைதான் டிரைட்டன்கள். எந்தத் தொழிற்சாலையின் பட்டியலிலும் அப்படி ஒரு மாடல் இருந்ததில்லை. ராயல் என்ஃபீல்டின் கான்டினென்டல் ஜிடி வழியாக நம் ஊருக்குத் தெரியவந்த கஃபே ரேசர் (பந்தய பைக்கின் சாயலில் வேகத்துக்காக மாற்றிய ரோட்டு பைக்) என்ற வகைக்கு இலக்கணம் சொல்லச் சொன்னால் நான் முதலில் காட்டுவது டிரைட்டனைத்தான்.

நார்ட்டனின் ஃபெதர்பெட் ஃபிரேம், வட அயர்லாந்தைச் சேர்ந்த ரெக்ஸ் மெக்கேண்ட்லெஸ் உருவாக்கியது. 1950-ல் ஜெஃப் டியூக் ஐல் ஆஃப் மேன் தீவின் சீனியர் டிடி பந்தயத்தை வென்றது இதில்தான். இரண்டு குழாய் வளையங்கள் எஞ்சினைச் சுற்றி வந்து, ஸ்டீரிங் ஹெட் அருகே குறுக்காகக் கடந்து சேரும். அந்தக் குறுக்குச் சந்திப்புதான் முன்பக்கம் முறுக்கிக்கொள்ளாமல் காப்பது. இந்த ஃபிரேம்கள் கைக்கு எட்டிய விலையில் கிடைக்கக் கார்ப் பந்தயமும் ஒரு காரணம். 500 சிசி ஃபார்முலா 3 கார்களுக்கு நார்ட்டனின் பந்தய பைக்கான மேங்க்ஸின் எஞ்சின் தேவைப்பட்டது. நார்ட்டன் எஞ்சினை மட்டும் தனியாக விற்கவில்லை. கார்க்காரர்கள் முழு பைக்கை வாங்கி, எஞ்சினை உருவிக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிட்டார்கள்.

டிரைட்டன் கட்ட நினைப்பவர் முதலில் முடிவெடுக்க வேண்டியது, எஞ்சினும் கியர்பாக்ஸும் தனித்தனியாக இருக்கும் 1962 வரையிலான பிரி-யூனிட்டா, அல்லது 1963 முதல் வந்த, இரண்டும் ஒரே கூட்டில் அடங்கிய யூனிட்டா என்பதை. இரண்டு பக்கத்துக்கும் உயிரைக் கொடுத்து வாதாடுபவர்கள் உண்டு. பிரி-யூனிட்டில் பெரிய சுதந்திரம் இருக்கிறது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பிடிக்கும் அலுமினியத் தகடுகளை நாமே வெட்டுவதால், எஞ்சினை முன்னால் தள்ளித் தாழ்வாக வைக்கலாம். முன்சக்கரத்தில் எடை ஏறும், வளைவில் பிடிப்பு கூடும். நார்ட்டனின் கியர்பாக்ஸையே (தாய் நிறுவனத்தின் பெயரால் ஏஎம்சி என்பார்கள்) வைத்துக்கொள்ளவும் வழியுண்டு.

அந்தச் சுதந்திரத்துக்கு விலையும் உண்டு. எஞ்சின் ஸ்ப்ராக்கெட்டும் கிளட்ச் பல்சக்கரமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். இரண்டின் முகத்திலும் நேரான இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்து, இடைவெளி தெரிந்தால் ஷிம் எனப்படும் மெல்லிய தகட்டு வளையம் போட்டுச் சரிசெய்ய வேண்டும். அப்புறம் கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் செயினுக்கும் இதே வேலை. கோணலாக விட்டால் செயினும் பல்லும் சீக்கிரம் தேயும். எஞ்சினின் உச்சியில் வால்வுகளை இயக்கும் ராக்கர் பெட்டியைக் கழற்ற இடம் இருக்கிறதா என்பதையும் தகட்டில் துளை போடுமுன் பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு முறை ஹெட்டைத் திறக்கவும் எஞ்சினையே இறக்க வேண்டிவரும்.

யூனிட் எஞ்சினில் கிளட்சுக்குப் போகும் முதல் செயினின் தலைவலி கிடையாது, எல்லாம் கூட்டுக்குள்ளேயே அளவாக அமைந்திருக்கும். ஃபெதர்பெட்டுக்குள் வைத்தால் பின்னால் கொஞ்சம் வெற்றிடம் தெரியும் என்பதுதான் கண்ணுக்கு உறுத்தல். முதல்முறை கட்டுபவருக்கு நான் யூனிட்டைத்தான் சொல்வேன். டிரயம்ஃபின் 650 சிசி பான்வில் எஞ்சினுக்கு இன்றும் புது உதிரிபாகங்கள் தயாராகின்றன. அழகுக்காகச் செயின் கோட்டோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவதைவிட ஓட்டுவது நல்லது. டிரைட்டன் ஓடக்கூடிய வண்டி என்பதற்குச் சான்று வேண்டுமானால், 1965-ல் பார்சிலோனா மோன்ஜூயிக்கில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தைப் பாருங்கள். லண்டனின் டிரெஸ்டா கடையை நடத்திய டேவ் டீகன்ஸும் ரெக்ஸ் புட்சரும் டிரைட்டனில் அதை வென்றார்கள். ஒரு நாள் முழுக்க முறுக்கி ஓட்டியும் தாங்கிய கலவை அது.

அதிர்வு மட்டும் எந்த டிரைட்டனிலும் தீராது. இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும் எஞ்சின் அது. கிராங்கைப் பிரித்த கையோடு, இந்த ஃபிரேமுக்கு என்று சொல்லி பேலன்ஸ் செய்து வாங்குங்கள். எஞ்சின் தலையை ஃபிரேமோடு பிணைக்கும் ஹெட் ஸ்டெடியைத் தடிமனான தகட்டில் போடுங்கள். பளபளக்கும் அலுமினிய டேங்க்கை ரப்பர் இல்லாமல் நேராக ஃபிரேமில் இறுக்கினால் விரிசல் விடும்.

நார்வின் வேறு உலகம். இரண்டு சிலிண்டரும் V வடிவில் நிற்கும் 998 சிசி வின்சென்ட் வி-ட்வின் எஞ்சினை ஃபெதர்பெட்டில் ஏற்றியது. பார்க்க அதற்கு நிகராக எதுவும் கிடையாது. இரண்டு வளையங்களுக்கு நடுவே துளி இடம் விடாமல் எஞ்சின் நிறைந்து நிற்கும். ஆனால் வின்சென்ட் எஞ்சின் ஃபிரேமில் வைப்பதற்காகப் பிறந்ததில்லை, அதுவே ஃபிரேமின் பாதி. மேலே எண்ணெய்த் தொட்டியாகவும் இருக்கும் முதுகுத்தண்டு, அதில் தொங்கும் எஞ்சின், அதன் பின்பக்கத்திலேயே ஊன்றிய, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் என்றுதான் வின்சென்டின் ஸ்டீவனேஜ் தொழிற்சாலை யோசித்திருந்தது. அந்த எஞ்சினைக் கொண்டுபோய் இன்னொரு முழு ஃபிரேமுக்குள் அடைத்தால், எண்ணெய்க்குத் தனித் தொட்டி வேண்டும், தேவையில்லாத குழாய் எடையும் கூடவே வரும். வின்சென்ட் 1955-ல் பைக் உற்பத்தியை நிறுத்திவிட்டது. முழுசாக இருக்கும் ஒன்றை இதற்காகப் பிரிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தனியாகக் கிடைத்த எஞ்சின் என்றால், சுவிட்சர்லாந்தின் ஃபிரிட்ஸ் எக்லி 1960களில் அமைத்த தடித்த ஒற்றை முதுகுக்குழாய் ஃபிரேம்தான் அதன் இயல்போடு பொருந்துவது.

டிரிப்சாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிஎஸ்ஏ ஃபிரேமில் டிரயம்ஃப் எஞ்சின். ஸ்கிராம்பிள்ஸ் (மேடுபள்ளத் தடம்), கிராஸ் டிராக் (புல்வெளித் தடம்) போன்ற மண் பந்தயங்களில் பேர் வாங்கிய உழைப்பாளி. மண்ணில் ஓட்டப் போகிறவர் இதைத்தான் கட்ட வேண்டும். தார் ரோட்டில் ஃபெதர்பெட் தரும் நிம்மதியை இதில் எதிர்பார்க்கக் கூடாது.

டிரைட்டன் என்று முடிவானால் ஃபெதர்பெட்டில் எது என்ற கேள்வி இருக்கிறது. பழைய வைட்லைனின் மேல்குழாய்கள் அகலமானவை, தொடை விரியும். 1960-ல் வந்த ஸ்லிம்லைனில் சீட்டுக்கு முன்னால் குறுக்கியிருப்பார்கள். பந்தய மேங்க்ஸ் டேங்க்கின் தோற்றம் வேண்டுமானால் வைட்லைன். உயரம் குறைந்தவர்கள், தினமும் ஓட்டுபவர்கள் ஸ்லிம்லைன் எடுப்பது நல்லது. ஒன்றின் டேங்க் மற்றதில் அப்படியே உட்காராது என்பதால், டேங்க்கைப் பார்த்து மயங்கி முதலில் வாங்கிவிடாதீர்கள். மேங்க்ஸ் ஃபிரேம் ரெனால்ட்ஸ் 531 என்ற கலப்பு எஃகுக் குழாயில் ஆனது, ரோட்டு மாடல்களுடையது சாதாரண எஃகு. ரோட்டில் ஓட்டச் சாதாரண எஃகே தாராளம். விற்பவர் 531 என்று சொல்லி விலை ஏற்றினால் ஃபிரேம் எண்ணை வைத்து நார்ட்டன் சங்கத்தாரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பதிவு ஆவணத்தில் அந்த ஃபிரேம் எண்ணும் நீங்கள் ஏற்றப் போகும் எஞ்சினின் எண்ணும் முறையாக ஏறுமா என்பதையும், காசைக் கொடுக்குமுன் அதே நாளில் கேட்டுவிடுங்கள்.