குலசேகரம் பக்கத்துல ஒரு பழக்கன்னு நர்சரி: எதை வாங்கலாம், எதை விட்ரலாம்

ரம்புட்டான், மங்குஸ்தான் எல்லாம் இப்ப நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல எந்த நர்சரிக்குப் போனாலும் கெடைக்குது. ஆனா இந்தக் கன்னு விதையில வந்ததா ஒட்டா வேர்ல வந்ததான்னு கேட்டா ஒழுங்கா பதில் சொல்ற எடம் ரொம்ப கம்மி. குலசேகரத்துல இருந்து பேச்சிப்பாறை போற வழியில, ரப்பர் தோட்டத்துக்கு நடுவுல இருக்குற இந்த நர்சரில சொல்றாங்க, கேக்காமலே சொல்றாங்க, அதுக்காகவே இத எழுதுறேன்.

நான் போனது ஈரப்பலாவுக்கு, நம்ம வீடுகள்ல சீமைச்சக்கைன்னு சொல்றோமே அது. நர்சரி அக்கா கவரோட ஓரத்த விலக்கி உள்ள காமிச்சாங்க, வெரல் தண்டிக்கு ஒரு வேர்த்துண்டு, அதுல இருந்துதான் துளிர் மேல வந்துருக்கு. நல்ல ஈரப்பலாவுல விதையே கெடையாது, பெரும்பாலும் வேர்ல இருந்துதான் கன்னு எடுப்பாங்க. இதனாலதான் 1787ல இங்கிலாந்துல இருந்து பவுண்டி கப்பல்ல தாவரவியல் ஆளு டேவிட் நெல்சனையும் கூட்டிட்டு ஈரப்பலா எடுக்க தாஹிட்டி தீவுக்குப் போன கேப்டன் பிளை, விதைய பையில போட்டு கொண்டு வர முடியாம ஆயிரத்துக்கு மேல உயிர்க்கன்ன தொட்டில வச்சு ஏத்துனாரு, கேப்டனோட பெரிய ரூமையே நர்சரி ஆக்கிட்டாங்க, கன்னுக்கெல்லாம் நல்ல தண்ணி வேற ஊத்தணும். 1789 ஏப்ரல்ல மாலுமிங்க கலகம் பண்ணி கேப்டன படகுல எறக்கி விட்டுட்டு அத்தனை கன்னையும் கடல்ல தூக்கி எறிஞ்சாங்க. கூடவே படகுல போன நெல்சன் திமோர் தீவுல கரை சேந்தும் அங்கயே காய்ச்சல்ல செத்துட்டாரு, எனக்கு இந்தக் கதையில அவர நெனச்சாதான் மனசு கனக்குது. பிளை திரும்பவும் போய் 1793ல கரீபியன் தீவுகளான செயின்ட் வின்சென்ட், ஜமைக்காவுக்கு கன்னு கொண்டு சேத்தாரு, கரும்புத் தோட்டத்துல அடிமையா வச்சிருந்த ஜனங்களுக்கு செலவில்லாம தீனி போடத்தான் அவ்வளவும், அத மறக்கக் கூடாது.

அந்த ரெண்டாவது பயணத்துல தோட்டக்காரரா போன கிறிஸ்டோபர் ஸ்மித்த அப்புறம் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தோனேசியா பக்கத்து மொலுக்காஸ் தீவுக்கு அனுப்பி கிராம்பு, ஜாதிக்காய் கன்னெல்லாம் சேக்க வச்சிது. 1800 வாக்குல குற்றாலத்துல கம்பெனி தோட்டத்துல கிராம்பு வந்தாச்சு, பிறகு நம்ம மலைக்கும் வந்து, இன்னைக்கு மாறாமலை கிராம்பு எவ்வளவு பேர் எடுத்துருக்குன்னு உங்களுக்கே தெரியும், 2021ல கன்னியாகுமரி கிராம்புக்கு புவிசார் குறியீடும் கெடச்சிது. இங்க கிராம்புக் கன்னும் வச்சிருக்காங்க, நல்லா திடமா இருந்துது.

ரம்புட்டான்ல ஏமாறாதீங்க. விதைக்கன்னு பாதி விலைக்கு வெளிய கெடைக்கும், அதுல ஆண் மரம் வந்துட்டா ஆயுசுக்கும் காய்க்காது. ஏன் விதைக்கன்னு வைக்கலன்னு கேட்டேன். "தம்பி, ஆண் மரமாப் போச்சுன்னா நாளைக்கு எங்களத்தான ஏசுவிய"ன்னாங்க. ஒட்டுக்கன்னு 300 ரூபாய்க்குப் பக்கம் ஆச்சு, மூணு நாலு வருஷத்துல காய்க்கும். ஒட்டு போட்ட எடத்துக்குக் கீழ துளிர் வந்தா அப்பப்ப கிள்ளி எறிஞ்சிரணும், இல்லன்னா அதுதான் வளரும், மேல உள்ள நல்ல ரகம் பட்டுப் போவும்.

மங்குஸ்தானுக்கு இது நேர்மாறு. விதைக்கன்னே தாய்மரம் மாதிரி அப்படியே வரும், அதனால ஒட்டுக்கன்னுக்குன்னு கூடுதல் காசு கேட்டா யோசிங்க. ஆனா ஏழெட்டு வருஷமாவது பொறுக்கணும், முதல்ல நெழலும் வேணும். விதை காஞ்சா செத்துப் போவும், அதனால தூர தேசத்துக்குக் கொண்டு போறதே பெரிய பாடு. 1898ல அமெரிக்க அரசு வெளிநாட்டுச் செடி கொண்டு வர்றதுக்குன்னே ஒரு ஆபீஸ் தொடங்குச்சு, அதுக்குப் பொறுப்பா இருந்த டேவிட் ஃபேர்சைல்டுக்கு இந்தப் பழம்னா உயிரு, ஆனா ஃப்ளோரிடா குளிருக்கு அது நிக்கல. நமக்கு மலையடிவாரத்துல மழையும் சூடும் சும்மாவே கெடைக்குது மக்கா, வீட்டுக்கு ஒரு மூடாவது நடலாம்.

மாங்கன்னுல முல்கோவா ஒட்டு இருக்கு, தாராளமா வாங்கலாம். 1889ல புனேல இருந்து அமெரிக்காவுக்கு முல்கோபான்னு போன ஒட்டுக்கன்னுல ஃப்ளோரிடால ஒரு மரம்தான் குளிருக்குத் தப்பிச்சிது, அதோட விதைய 1902ல ஹேடன்ங்கற கேப்டன் நட்டு வந்ததுதான் ஹேடன் மாம்பழம். நம்ம பக்கத்துச் சரக்கும் இப்பிடி வெளிய போய் பேர் வாங்கிருக்கு.

கொறைன்னா பட்டர் ஃப்ரூட். எல்லாம் விதைக்கன்னு, என்ன ரகம்னு அவங்களுக்கே தெரியல, நான் தொடல. கன்னுல பேர்ச்சீட்டு ஒண்ணும் கெடையாது, ரெண்டு மூணு வகை வாங்குனா வீட்ல வந்து கொழம்பும், பேப்பர்ல எழுதிக் கட்டச் சொல்லுங்க. ஞாயித்துக்கெழம கூட்டத்துல நின்னு பேச மாட்டாங்க, வேலை நாள்ல காலையில போங்க. ஈரப்பலாக் கன்னு எப்பவும் கொஞ்சம்தான் வரும், முன்னாடியே சொல்லி வச்சா எடுத்து வச்சிருப்பாங்க.