எட்டு வருடம் கம்ப்யூட்டராக உழைத்த பிளேஸ்டேஷன் 3

எங்கள் வீடு தாராவி தொண்ணூறடி ரோட்டை ஒட்டிய சந்தில். பத்துக்குப் பன்னிரண்டு அறை ஒன்று. அதற்குள் டிவி, பீரோ, தையல் மெஷின், நான்கு பேர். கம்ப்யூட்டர் மேஜை போட இடமே கிடையாது. 2008 கடைசியில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோட்டில் சோனியின் விளையாட்டுப் பெட்டியான பிளேஸ்டேஷன் 3, பழையது ஒன்று, 40 ஜிபி மாடல், வாங்கி வந்தேன். "டிவிக்கு அடியிலேயே வெச்சுக்கலாம், கம்ப்யூட்டராவும் இருக்கும்" என்று வீட்டுக்காரியிடம் சொன்னேன். அப்போது அது பாதிப் பொய். அப்புறம் 2016 வரை அதுதான் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்.

அந்தத் தடித்த மாடல்களில் விண்டோஸ் போல இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸைப் போடத் திருட்டு வழி எதுவும் தேவையில்லை. செட்டிங்ஸிலேயே 'அதர் ஓஎஸ்' என்று ஓர் இடம் உண்டு. ஹார்ட் டிஸ்க்கைப் பிரிக்க இரண்டே வழி: லினக்ஸுக்கு 10 ஜிபி, அல்லது கேமுக்கு 10 ஜிபி கொடுத்துவிட்டு மிச்சமெல்லாம் லினக்ஸுக்கு. நான் இரண்டாவதை அழுத்தினேன். பிரித்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும் என்று திரையில் எழுதித்தான் இருந்தது. அக்கா மகன் லீவில் வந்து சேர்த்து வைத்திருந்த கிரிக்கெட் கேம் முழுக்கப் போயிற்று. ஒரு மாதம் அவன் என்னோடு பேசவில்லை.

முதலில் போட்டது யெல்லோ டாக் என்ற லினக்ஸ் வகை. அதன் இ17 டெஸ்க்டாப் பார்க்க அழகு. ஆசை அடங்காமல் க்னோம் என்ற இன்னொரு டெஸ்க்டாப்பும் போட்டேன். பிரவுசரைத் திறக்கச் சொல்லிவிட்டு அடுப்பில் டீ வைத்தால், டீ முதலில் தயாராகும்.

காரணம் மெமரி. 3.2 கிகாஹெர்ட்ஸ் செல் பிராசஸர் என்று கேட்க மிரட்டலாக இருக்கும். ஆனால் மெயின் மெமரி வெறும் 256 எம்பி, அதிலும் பெட்டிக்கும் லினக்ஸுக்கும் நடுவே காவலாளி மாதிரி உட்கார்ந்திருக்கும் ஹைப்பர்வைசர் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகுதான் லினக்ஸுக்கு. செல்லின் பலமே அதன் எஸ்பியு எனும் துணைக் கோர்கள்தான். லினக்ஸுக்கு ஆறு கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக 256 கேபி மட்டுமே. அவற்றுக்கென்றே எழுதிய புரோகிராமாக இருந்தால் பறக்கும். இப்படி எழுதித்தான் அமெரிக்க விமானப்படை 1,700-க்கும் மேற்பட்ட பிளேஸ்டேஷன்களைக் கோத்து 2010-இல் சூப்பர் கம்ப்யூட்டர் கட்டியது. என் பிரவுசருக்கோ ஒரு எஸ்பியுவைக்கூடத் தொடத் தெரியாது. பூட் ஆகும்போது லினக்ஸின் சின்னமான பென்குவின் இரண்டு, கீழே எஸ்பியுவுக்கு ஒன்றாகக் குட்டிக் குட்டியாக ஆறு படம் வரும். அந்த ஆறும் எட்டு வருடம் சும்மா உட்கார்ந்து தின்றதுதான் மிச்சம்.

2009-இல் டெபியன் என்ற லினக்ஸ் வகையின் லென்னி பதிப்புக்கு மாறி, டெஸ்க்டாப்பை எல்லாம் தூக்கிவிட்டு ஃப்ளக்ஸ்பாக்ஸ் என்ற எளிய விண்டோ மேனேஜர் மட்டும் வைத்தேன். அதற்கப்புறம்தான் மெஷின் மூச்சு விட்டது. ஐகான் இல்லை, வலது பட்டனை அழுத்தினால் ஒரு மெனு, அவ்வளவே. எழுத ஏபிவேர்டு, கணக்குக்கு நூமெரிக். இன்னும் பெரிய மாற்றம் 2011-இல் டெபியனின் அடுத்த பதிப்பான ஸ்குவீஸ் வந்தபோது. கிராஃபிக்ஸ் சிப்புக்கென்று தனியாக இன்னொரு 256 எம்பி உண்டு. ஹைப்பர்வைசர் அந்தச் சிப்பை லினக்ஸுக்குத் தராது, ஆனால் அதன் மெமரியைத் தொட விடும். அதை ஸ்வாப்பாக, அதாவது மெயின் மெமரி நிறைந்தால் வழிவதை வைக்கும் இடமாக, மாற்றும் டிரைவர் லினக்ஸின் மையமான கெர்னலிலேயே வந்திருந்தது. ஆஃப் செய்தால் அழிந்துவிடும் மெமரி ஆயிற்றே, அதனால் ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் புதிதாக ஸ்வாப் ஆக்க ஸ்டார்ட்டப் ஸ்கிரிப்டில் இரண்டே வரி எழுதினேன். முன்பு நான்காவது டேப் திறந்தால் ஹார்ட் டிஸ்க் கரகரவென்று அரைக்கும். அந்தச் சத்தம் நின்றது. இந்த மெஷினுக்கு நான் செய்ததிலேயே உருப்படியான வேலை இதுதான்.

திரை வேறு ஒரு கதை. பழைய குண்டு டிவியில் எழுத்தைப் படிக்கவே முடியவில்லை. எல்சிடி வாங்கிய பிறகும் சுற்றிலும் கறுப்புச் சட்டம் போட்டது போலத்தான் படம் வந்தது. திரை அளவைச் சொல்லும் கட்டளையில் 720பி-க்கு மோடு எண் 3. அதோடு 128-ஐக் கூட்டி 131 என்று கொடுத்தால் திரை நிறையும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. யுஎஸ்பி துளையும் இரண்டுதான். கீபோர்டு, மவுஸ் போட்டால் பென் டிரைவுக்கு இடமில்லை. ஹப் வாங்கியே ஆக வேண்டும்.

யூடியூப் கிடையாது. அப்போது அதற்கு வேண்டியிருந்த ஃப்ளாஷ் பிளேயர், செல் சேர்ந்த பவர்பிசி பிராசஸர் வகைக்கான லினக்ஸுக்கு வந்ததே இல்லை. கிராஃபிக்ஸ் சிப் உதவாததால் 720பி வீடியோவும் திணறும். பாட்டு, பிடிஎஃப், மெயில், தமிழ் டைப்பிங்: இந்த நான்குக்கும் குறையே இல்லை. தமிழ்99 கீபோர்டு முறையில் அடிக்க அடிக்க எழுத்து சொன்ன பேச்சு கேட்டது. எங்கள் சந்தில் பாதிப் பேர் திருநெல்வேலிப் பக்கம். கோயில் கொடை நோட்டீஸ், கல்யாண மொய்க் கணக்கு, ஊருக்கு எழுதும் மனு எல்லாம் எங்கள் டிவித் திரையில்தான் தயாராகும். பக்கத்து வீட்டு அத்தை வாசலில் நின்று கேட்பார்: "ஏலே, வெளயாடுத பெட்டில என்னலே எழுதிட்டு இருக்க?" "உங்க பேரன் பேர்தான் அத்தை, நோட்டீஸ்ல போடுதேன்" என்றால், எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பேரனையே கூட்டிவந்து பார்க்க வைப்பார்.

2010 ஏப்ரல் 1-ஆம் தேதி பிளேஸ்டேஷனின் சொந்த சாஃப்ட்வேருக்கு 3.21 அப்டேட் வந்தது. போட்டால் அதர் ஓஎஸ் போய்விடும். போடாவிட்டால் ஆன்லைன் விளையாட்டு இல்லை, புதிதாக வரும் கேம்களும் ஓடாது. பாதுகாப்புக் காரணம் என்று சோனி சொன்னது. நான் அதற்கு முந்தைய 3.15-லேயே நின்றுவிட்டேன். அக்கா மகனுக்கு அது இரண்டாவது துரோகம்.

வாங்கும் யோசனையில் யாராவது இருந்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். சும்மா இருக்கும்போதே நூறு வாட்டுக்கு மேல் தின்கிற பெட்டி. மே மாதத்தில் அதற்குப் பக்கத்தில் உட்கார முடியாது. 2012-இல் வந்த ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரின் முதல் பி மாடலிலும் இதே 256 எம்பிதான், அது உள்ளங்கைக்குள் அடங்கும், மின்சாரமும் இதில் ஒரு துளிதான். தவிர, 2017-இல் வந்த டெபியன் 9-இல் 32-பிட் பவர்பிசியையே கைவிட்டுவிட்டார்கள். அதற்கு ஒரு வருடம் முன்பே நான் பழைய லேப்டாப் ஒன்றுக்கு மாறியிருந்தேன்.

போன தீபாவளிக்குப் பரணைச் சுத்தம் செய்தபோது எடுத்து மாட்டிப் பார்த்தேன். பென்குவின் இரண்டும் வந்தன, ஃப்ளக்ஸ்பாக்ஸும் வந்தது. உள்ளே இருக்கும் காசு பேட்டரி செத்துப்போய் தேதி எங்கோ பின்னால் நின்றது. அதனால் பிரவுசரில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் சான்றிதழ் செல்லாது என்றே சொல்லிக்கொண்டிருந்தது. தேதியைக் கையால் திருத்தினேன், அப்போதும் முக்கால்வாசித் தளங்கள் திறக்கவில்லை. 2013 கொடை நோட்டீஸ் மட்டும் ஏபிவேர்டில் அப்படியே திறந்தது. அத்தையின் பேரன் பெயரில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருக்கிறது. அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை.