டக்ளஸ் - டைசன் 1990, முழுப் போட்டி டிவிடி: பத்து ரவுண்டையும் பார்த்துவிட்டு மார்க் போடுங்கள்

1990 பிப்ரவரி 11, டோக்கியோ டோம். பஸ்டர் டக்ளஸ் உலக சாம்பியன் மைக் டைசனை நாக் அவுட் செய்த அந்தக் குத்துச்சண்டைப் போட்டியின் முழுப் பதிவு, பழைய டிவிடி விற்கும் ஒருவரிடம் 450 ரூபாய்க்குக் கிடைத்தது. வாங்கியதே ஒரு சண்டையைத் தீர்க்கத்தான். "அன்னைக்கு டைசன் ஒழுங்கா பயிற்சி எடுக்கல, அதான் தோத்தான், டக்ளஸுக்கு என்ன பெருமை இருக்கு?" என்று என் தம்பி பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவனும் நானும் அதுவரை பார்த்ததெல்லாம் கடைசி ரவுண்டின் துண்டு வீடியோதான்.

முதலில் டிவிடி. உறை விரிசல் விட்டு வந்தது, ஆறாவது ரவுண்டில் ஒலி கொஞ்சம் பிந்துகிறது, படம் பழைய வீடியோ கேசட்டில் இருந்து எடுத்தது போல மங்கல். ஆனால் ரவுண்டுகளுக்கு நடுவில் வரும் ஒரு நிமிட இடைவேளையை வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள், எனக்கு அது போதும். ஜப்பான் ரசிகர்கள் அமைதியாக உட்கார்ந்து பார்ப்பவர்கள் என்பதால் குத்து விழும் சத்தம் தனியாகக் கேட்கிறது.

முதல் ரவுண்டிலேயே விஷயம் தெரிந்துவிடுகிறது. டக்ளஸின் கை வீச்சு 83 அங்குலம், டைசனுக்கு 71. அந்த நீளத்தை வைத்துக்கொண்டு இடது கை ஜாபை, அதாவது கையை நேராக நீட்டிக் குத்தும் சட்டென்ற குத்தை, முகத்தில் வைத்துக்கொண்டே இருக்கிறார். டைசன் உள்ளே புகுந்தால் கட்டிப்பிடிக்கிறார், விலகினால் மறுபடியும் ஜாப், அதன் பின்னாலேயே வலது கை. டைசனுக்குப் பயந்து பின்வாங்கியே தோற்றவர்கள் எத்தனையோ பேர், இவர் அப்படிப் பின்வாங்கவே இல்லை. லாஸ் வேகாஸின் மிராஜ் விடுதியில் டக்ளஸ் ஜெயிப்பார் என்பதற்கு 42-க்கு 1 கொடுத்தார்கள், அதாவது ஒரு டாலர் கட்டினால் 42 டாலர். அப்படிப்பட்ட ஆள் ஆடுகிற ஆட்டமா இது என்று தோன்றும். போட்டிக்கு 23 நாள் முன்புதான் அவருடைய அம்மா இறந்திருக்கிறார். அந்தத் துக்கத்தோடுதான் ஆடினார் என்று தெரிந்து பார்க்கும்போது அந்த நிதானம் இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

தம்பி பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. டைசனின் பழைய பயிற்சியாளர் கெவின் ரூனி அப்போது அவரோடு இல்லை. போட்டிக்கு முன் டோக்கியோவில் நடந்த பயிற்சியிலேயே கூட ஆடிய கிரெக் பேஜ் அவரைக் கீழே சாய்த்திருந்தார். இடைவேளைக் காட்சிகளைப் பார்த்தால் இன்னும் மோசம். இடது கண் வீங்கி மூடிக்கொண்டு வருகிறது, அதை அழுத்தி வைக்க வேண்டிய குளிர்ந்த இரும்புக் கட்டி அவர்கள் கையில் இல்லை, ரப்பர் கையுறைக்குள் ஐஸ் தண்ணீரை ஊற்றிக் கண்மேல் வைக்கிறார்கள். உலக சாம்பியனுக்கு இப்படி ஒரு கார்னரா (இடைவேளையில் கவனிக்கும் உதவியாளர் குழு) என்று எனக்கே வயிறு எரிந்தது. ஆனால் இதே டைசன், ரூனி இல்லாமலேயே, ஏழு மாதம் முன்பு கார்ல் வில்லியம்ஸை 93 விநாடியில் முடித்தவர். அதையும் கணக்கில் எடுக்க வேண்டும் அல்லவா?

அப்புறம் எட்டாவது ரவுண்டு. முடிய சில விநாடிகளே இருக்கும்போது டைசனின் வலது கை அப்பர்கட் (கீழிருந்து மேலே தாடையில் ஏற்றும் குத்து) ஒன்று, டக்ளஸ் மல்லாந்து விழுகிறார். விழுந்தவர் கையால் தரையை ஓங்கி அடிக்கிறார், தன்மேலேயே கோபம். பத்து எண்ணி முடிப்பதற்குள் எழ வேண்டும், ஒன்பது எண்ணும்போது எழுந்துவிடுகிறார். நடுவர் மெதுவாக எண்ணினார் என்று டைசனின் போட்டி ஏற்பாட்டாளர் டான் கிங் பிறகு பெரிய ரகளை செய்தார், இரண்டு உலகக் குத்துச்சண்டைச் சங்கங்கள் சில நாள் வெற்றியை அங்கீகரிக்காமலும் இழுத்தன. கீழே விழுந்தவன் பார்க்க வேண்டியது நடுவரின் விரல்களை, அதைத்தான் டக்ளஸ் பார்த்தார். என்னைப் பொறுத்தவரை இந்த வெற்றியின் உயிரே அடுத்த மூன்று நிமிடம்தான். முடித்துவிடலாம் என்று பாய்ந்து வந்த டைசனை, இப்போதுதான் விழுந்து எழுந்த மனிதர், கயிற்றோரம் தள்ளிக் குத்துகிறார். அது டைசனின் குறையால் வந்தது என்று யாராவது சொன்னால் ஒன்பதாவது ரவுண்டை மறுபடி போட்டுக் காட்டுவேன்.

பத்தாவதில் ஒரு அப்பர்கட், தொடர்ந்து சரமாரி, 37 போட்டிகளில் தோற்காத டைசன் போட்டி ஒன்றில் முதல்முறையாகத் தரையில். முழங்காலில் தவழ்ந்து மவுத்கார்டைத் தேடி, ஒரு முனையை மட்டும் பல்லில் கடித்துக்கொண்டு எழ முயல்கிறார். நடுவர் பத்து எண்ணி முடித்து அவரை அணைத்துக்கொள்கிறார்.

அதே வருடம் அக்டோபரில் 246 பவுண்டு எடையோடு வந்து ஹோலிஃபீல்டிடம் மூன்றாவது ரவுண்டில் டக்ளஸ் தோற்றதை வைத்து டோக்கியோவுக்கு மார்க் குறைப்பவர்களும் உண்டு. அந்தத் தோல்விக்கு அங்கேயே குறைத்துக்கொள்ளட்டும், டோக்கியோவில் இறங்கியவர் 231½ பவுண்டில் உடம்பைத் தயார் செய்து வந்தவர். 1974-இல் கின்ஷாசாவில் முகமது அலி ஃபோர்மேனை வென்றதை இதற்கு ஒரு படி மேலே வைப்பேன், ஃபோர்மேன் அன்று முழு பலத்தோடு இருந்தார். அந்த ஒரு படிக்காக ஒரு மார்க் போகட்டும்.

டிவிடிக்கு ஐந்துக்கு மூன்றரை. வெற்றிக்குப் பத்துக்கு ஒன்பது. தம்பி ஆறில் இருந்து எட்டுக்கு வந்திருக்கிறான், அந்த ரப்பர் கையுறையை மட்டும் விட மாட்டேன் என்கிறான்.