மருத்துவக் கஞ்சா எண்ணெய்: மருந்துச் சீட்டு இருந்தும் நான் பட்ட பாடு

மருத்துவரின் சீட்டுடன், சட்டத்திற்கு உட்பட்டு, மருத்துவக் கஞ்சா எண்ணெய் வாங்கிப் பயன்படுத்த முயன்ற எனக்கு ஓர் இணையவழிச் சிகிச்சை நிறுவனத்திடம் நேர்ந்ததை இங்கே எழுதுகிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். மருந்துச் சீட்டு இருக்கிறது, முத்திரை இருக்கிறது, ஆகவே பயமில்லை என்று எண்ணும் நோயாளிகளுக்காகவே இந்தப் பதிவு.

எனக்கு நீண்ட காலமாக நரம்பு வலி இருக்கிறது. காலில் ரத்தம் உறைந்ததால், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையும் எடுத்து வருகிறேன். வழக்கமான வலி மருந்துகள் தலைசுற்றலைத் தந்தனவே தவிர வலியைக் குறைக்கவில்லை. அந்த நிறுவனத்தின் விளம்பரம் தூக்கமின்மையிலிருந்து புற்றுநோய் வரை எல்லாவற்றிற்கும் ஒரே எண்ணெயைப் பரிந்துரைத்தது. அதுவே முதல் அபாய அறிகுறி. கடுமையான சில குழந்தைப் பருவ வலிப்பு நோய்களுக்கு, கஞ்சாவில் உள்ள போதை தராத கூறான சி.பி.டி. பலன் தருவது ஆய்வுகளில் நிறுவப்பட்டு, அமெரிக்காவில் 2018இல் அதற்கான திரவ மருந்து அனுமதியும் பெற்றது. நாள்பட்ட வலியைப் பொறுத்தவரை கிடைக்கும் பலன் சிலருக்குச் சிறிதளவு, பலருக்கு எதுவுமில்லை என்பதே நிலை. நேர்மையான மருத்துவர் இதை முதலிலேயே சொல்லிவிடுவார்.

வீடியோ ஆலோசனைக்கு முன் நிரப்பிய படிவத்தில் வார்ஃபரின் எடுப்பதை அளவோடு எழுதியிருந்தேன். மருத்துவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது அவர் கேட்ட கேள்விகளிலிருந்தே தெரிந்தது. குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு உண்டா, இதய நோய் உண்டா, வாகனம் ஓட்டுகிறீர்களா என்று எதையும் கேட்கவில்லை. கஞ்சாவில் போதை தரும் கூறான டி.எச்.சி.யைத் தொடங்கும் முன் கேட்டே ஆக வேண்டிய கேள்விகள் இவை. “எந்த எண்ணெய் உங்களுக்கு வசதி, மேடம்?” என்று மட்டும் கேட்டார். சீட்டு எழுதுபவரும் அவர்கள்தான், மருந்து விற்பவரும் அவர்கள்தான் என்னும்போது, அந்தக் கேள்வி கடைக்காரர் கேட்கும் கேள்வியாகவே இருந்தது.

சீட்டில் எழுதப்பட்டிருந்தது சி.பி.டி. மிகுந்த எண்ணெய்: மில்லி லிட்டருக்கு 20 மில்லிகிராம் சி.பி.டி., டி.எச்.சி. 1 மில்லிகிராமுக்கும் குறைவு. வந்து சேர்ந்த குப்பியிலோ இரண்டும் 10, 10 என்று சமமாக இருந்தன. நல்ல வெள்ளைத் தாளில் என் பெயரும் “அரை மில்லி, இரவில்” என்ற குறிப்பும் அச்சிட்ட ஒட்டுத்தாள், குப்பியின் மூல லேபிளில் அளவு இருந்த இடத்தின் மேலேயே ஒட்டப்பட்டிருந்தது. அதன் ஓரத்தை உரித்த பிறகுதான் கீழிருந்த எண்கள் தெரிந்தன. நான் உரித்தது மறுநாள் காலையில். முந்தைய இரவு அரை மில்லி எடுத்துவிட்டு, எதுவும் தெரியவில்லையே என்று அவர்களுடைய உதவி எண்ணை அழைத்தபோது, “அரை மணி நேரம் ஆகிவிட்டதென்றால் இன்னும் அரை மில்லி எடுத்துக்கொள்ளலாம், மேடம்” என்றார் ஒருவர். நானும் எடுத்துக்கொண்டேன். வாய்வழி எடுக்கும் கஞ்சா எண்ணெய் வேலை செய்யத் தொடங்கவே ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகலாம். உச்சம் அதற்கும் பிறகுதான், விளைவு எட்டு மணி நேரத்திற்கு மேலும் நீடிக்கலாம். புதியவருக்கு டி.எச்.சி. 2.5 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்குவதே வழக்கம். என் உடலுக்குள் போனது 10. நள்ளிரவில் நெஞ்சு படபடத்து, சுவர் நகர்வதுபோலத் தோன்றி, எழுந்தால் விழுந்துவிடுவேன் என்ற அச்சத்தில் விடியும்வரை கட்டிலின் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

கேட்டதற்கு, “இருப்பு இல்லாததால் சமமான ஒன்றை அனுப்பினோம்” என்றார்கள். எதற்கு எது சமம் என்பது அவர்களுக்கே வெளிச்சம். பிறகு சரியான குப்பியை அனுப்பினார்கள். அதைத் தொடர்ந்து எடுத்துவந்தபோது, பல் துலக்கினால் ஈறில் ரத்தம் வரத் தொடங்கியது. வழக்கமாக ரத்தப் பரிசோதனை செய்யும் மருத்துவமனையில், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவைப் பார்த்தார்கள், 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டிய எனக்கு 5ஐத் தாண்டியிருந்தது. வார்ஃபரினைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளை சி.பி.டி. தடுப்பதால், அதே மாத்திரை அளவே உடலில் கூடுதலாகத் தங்கிவிடுகிறது. மருத்துவமனையின் மருந்தாளுநர் என் மருந்துப் பட்டியலைப் பார்த்த கணத்திலேயே இதைச் சொன்னார். குளோபசாம், சோடியம் வால்புரோவேட் எடுக்கும் வலிப்பு நோயாளிகளுக்கும் இத்தகைய சிக்கல் உண்டு: முன்னதில் மயக்கம் கூடும், பின்னதில் கல்லீரல் பாதிக்கப்படலாம். எனவே சீட்டு எழுதியவர் கேட்காவிட்டாலும், உங்கள் வழக்கமான மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ முழுப் பட்டியலைக் காட்டி, பரிசோதனைத் தேதிகளை முன்கூட்டியே நெருக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

குப்பி கைக்கு வந்ததும் சீட்டில் உள்ள இரண்டு அளவுகளையும் லேபிளோடு ஒப்பிடுங்கள். மேலே ஏதேனும் ஒட்டியிருந்தால் உரித்துப் பாருங்கள். பேட்ச் எண்ணும் அதே பேட்ச்சுக்கான ஆய்வக அறிக்கையும் கேளுங்கள். சீட்டில்லாமல் இணையத்தில் கிடைக்கும் சி.பி.டி. பொருள்களை இதற்கு மாற்றாகக் கருத வேண்டாம்: 2017இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இணையத்தில் வாங்கிச் சோதித்த 84 பொருள்களில் ஏறத்தாழ 31 சதவீதத்தில்தான் லேபிளில் இருந்த அளவு சரியாக இருந்தது, 18 பொருள்களில் டி.எச்.சி.யும் காணப்பட்டது. டி.எச்.சி. உள்ள மருந்தை எடுப்பவர் வாகனம் ஓட்டினால், சீட்டு இருந்தாலும் பல நாடுகளில் வழக்கு வரலாம். ஒரு நாட்டின் சீட்டு இன்னொரு நாட்டின் எல்லையில் செல்லும் என்றும் நம்பிவிடாதீர்கள்.

இப்போது நிறுவனம், இரண்டு குப்பிகளையும் திருப்பி அனுப்பினால் பணத்தைத் தருவதாக எழுதியிருக்கிறது. அனுப்ப வேண்டாம் என்றார் மருந்தாளுநர். என்ன அனுப்பினார்கள் என்பதற்கு என்னிடம் இருக்கும் ஒரே சான்று அவைதான். லேபிள்களைப் படமெடுத்து, ஐ.என்.ஆர். அறிக்கையும் நான் நிரப்பிய படிவத்தின் நகலும் சேர்த்து, மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கும், அந்த மருத்துவர் பதிவு செய்துள்ள மன்றத்துக்கும் தனித்தனியாக அனுப்பியிருக்கிறேன். படிவத்தை அனுப்பும் முன் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பிய பிறகு என் கணக்கில் அது காணக் கிடைக்கவில்லை.