ஒரே மாதிரி மூன்று கிட்டாரா, வகைக்கு ஒன்றா?

ஒருவரிடம் அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் செய்த டி-18, டி-28, எச்டி-28 மூன்றும் இருக்கின்றன. மூன்றுமே ட்ரெட்நாட், அதாவது பெரிய உடல் கொண்ட ஸ்டீல் கம்பி கிட்டார். இன்னொருவரிடம் ஒரு ட்ரெட்நாட், ஒரு நைலான் கம்பி கிளாசிக்கல், ஒரு 12 கம்பி, உள்ளே உலோகக் கோன் வைத்த ஒரு ரெசனேட்டர். முதலாமவரிடம் "ஒன்றையே எதற்கு மூன்று தடவை வாங்கினீர்கள்?" என்று கேட்பதும், இரண்டாமவரை ரசனைக்காரர் என்று மெச்சுவதும் கிட்டார் வாசிப்பவர்கள் நடுவே வழக்கம். இந்தத் தீர்ப்பு பாதிதான் சரி. மேடை ஏறுகிறவருக்கு முதல் இரண்டு கிட்டாரும் ஒன்றுபோல் இருப்பதே நல்லது. வீட்டில் வாசிப்பவருக்கும் பதிவு செய்பவருக்கும் இரண்டாவதே வேறு இனமாக இருக்க வேண்டும்.

எது வேறு இனம் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். மேற்படி மூன்று மார்ட்டின்களுக்கும் ஒரே உடல், ஒரே 25.4 அங்குல ஸ்கேல் (அதிரும் கம்பியின் நீளம்), ஒரே ஸ்ப்ரூஸ் மேல்பலகை. டி-18இன் முதுகும் பக்கங்களும் மஹோகனி, மற்ற இரண்டிலும் ரோஸ்வுட். எச்டி-28இல் மேல்பலகையை உள்ளிருந்து தாங்கும் பிரேசிங் சட்டங்கள் குடைந்து மெலிதாக்கப்பட்டவை. டி-28இல் அப்படி இல்லை. மஹோகனி சற்று வறண்டு, அடிப்படைச் சுரத்தை முன்னால் நிறுத்தும். ரோஸ்வுட் மேலெழும் துணைச் சுரங்களைக் கூடுதலாகத் தரும். வித்தியாசம் உண்மைதான், ஆனால் வாசிப்பவரின் காதுக்குத் தெரியும் அளவு எதிரே இருப்பவருக்குத் தெரியாது. லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், முதுகு, பக்க மரம் மட்டும் மாறிய 6 கிட்டார்களை 52 வாசிப்பாளர்களிடம் கொடுத்தார்கள். மங்கலான வெளிச்சம், கண்ணில் வெல்டிங் கண்ணாடி. விலை உயர்ந்த பிரேசில் ரோஸ்வுட்டுக்குத் தனி மதிப்பெண் எதுவும் விழவில்லை. மரத்தை மட்டும் மாற்றி 'வகை சேர்க்கிறேன்' என்பவர், சொல்லப்போனால், ஒரே கிட்டாரைத்தான் திரும்ப வாங்குகிறார். 1969 முதல் மார்ட்டின் பிரேசில் மரத்தை விட்டுவிட்டு எடுத்துக்கொண்ட இந்திய ரோஸ்வுட், நம் நீலகிரிப் பக்கம் வளரும் ஈட்டி மரமேதான். அதைத் தாழ்வாக நினைக்கக் காரணமே இல்லை.

ஒலியை நிஜமாகப் பிரிப்பவை மூன்று: கம்பியின் வகை, ஸ்கேல் நீளம், உடலின் அளவு.

ஒரே மாதிரி கிட்டார்களின் பலம் மேடையில் தெரியும். ட்ரெட்நாட்டின் உட்காற்று 100 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் அதிர்கிறது. ஆறாம் கம்பியில் மூன்றாம் ஃப்ரெட்டின் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டி) ஜி சுரம் 98 ஹெர்ட்ஸ். பிக்கப் (அதிர்வை மின்சாரமாக்கும் கருவி) போட்டு மானிட்டர் ஸ்பீக்கர் முன் நின்றால் முதலில் ஊளையிடுவது இந்த இடம்தான். ஒலிப்பதிவாளர் அந்த அலைவரிசையை மட்டும் வெட்டும் ஒரு நாட்ச் ஃபில்டர் வைத்துக் குறைப்பார். பாட்டு நடுவே கம்பி அறுந்து மாற்றுக் கிட்டாரை எடுக்கும்போது அதுவும் அதே உடல், அதே பிக்கப் என்றால் மிக்ஸரில் கிட்டத்தட்ட எதையும் தொட வேண்டாம். மாற்றாக 000 என்னும் சிறிய உடல் கிட்டாரை எடுத்தால் அதிர்வு வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கும். பழைய ஃபில்டர் தேவையானதை வெட்டும், தொல்லையை விட்டுவிடும். கழுத்தின் தலைமுனையில் கம்பிகள் பள்ளங்களில் உட்காரும் நட்டின் அகலமும் அப்படித்தான். 42.9 மில்லிமீட்டருக்குப் பழகிய விரல், 44.5க்குப் போனதும் முதல் சில நிமிடங்கள் பக்கத்துக் கம்பியை மறந்துபோகும்.

டியூனிங் இன்னும் பெரிய காரணம். 12-53 கம்பி (முதல், ஆறாம் கம்பிகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) போட்ட கிட்டாரை டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று கூட்டும் டாட்கேட் டியூனிங்குக்கு இறக்கினால் ஒன்று, இரண்டு, ஆறு ஆகிய மூன்று கம்பிகளும் ஒரு முழுச் சுரம் இறங்கும். இழுவிசை சுமார் 20 சதவீதம் போய்விடும். கம்பி தொளதொளத்து ஃப்ரெட்டில் இரையும், அழுத்திப் பிடித்தாலே சுருதி ஏறும். அந்தக் கிட்டாரில் 13-56 போட்டால் முதல் கம்பியின் இழப்பு 7 சதவீதத்துக்குச் சுருங்கும். ஆனால் 53க்கு வெட்டிய நட் பள்ளத்தில் 56 சிக்கிக்கொள்ளும். டியூனரைத் திருப்பும்போது 'டிக்' என்று சத்தம் கேட்டுச் சுருதி தாவினால் காரணம் அதுதான். பள்ளத்தை அரத்தால் அகலப்படுத்த வேண்டும், கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைத் திருத்தும் ட்ரஸ் ராடையும் கால் சுற்று இறுக்க வேண்டியிருக்கலாம். இவ்வளவையும் ஒரே கிட்டாரில் வாராவாரம் மாற்றிக்கொண்டிருக்க முடியாது. இரண்டாவது ட்ரெட்நாட்டை இதற்கென்றே ஒதுக்குவதுதான் வழி.

மூன்றாவதும் ட்ரெட்நாட் என்றால் அதில் நாஷ்வில் கம்பி கட்டலாம். முதல் இரண்டு கம்பிகளும் வழக்கமான சுரத்தில் 10, 14. மூன்று முதல் ஆறு வரை 9, 12, 18, 27 போட்டு ஒரு ஆக்டேவ் மேலே டியூன் செய்வது. சாதாரண கிட்டாரோடு சேர்த்துப் பதிவு செய்தால் கண்ணாடி மணி போன்ற மினுமினுப்பு கிடைக்கும். மெல்லிய கம்பி அகலமான பள்ளத்தில் பக்கவாட்டில் ஆடும் என்பதால் இதற்குத் தனி நட் நல்லது. இழுவிசை குறைவதால் கழுத்து பின்னோக்கி வளையும். ட்ரஸ் ராடைக் கொஞ்சம் தளர்த்தி, ஏழாம் ஃப்ரெட்டில் 0.1 முதல் 0.25 மில்லிமீட்டர் இடைவெளி வரும்படி வைக்க வேண்டும்.

ஒரே மாதிரியின் பலவீனம் பதிவில் வெளிப்படும். வழக்கமான கம்பியோடு இரண்டு ட்ரெட்நாட்களை அடுக்கிப் பதிந்தால் 100-250 ஹெர்ட்ஸ் பகுதி குழம்பிச் சேறாகிவிடும். ஒன்றில் கேபோ (எல்லாக் கம்பிகளையும் ஒரு ஃப்ரெட்டில் அழுத்தும் கிளிப்) போட்டு வேறு வடிவத்தில் கார்டு பிடித்தால் ஓரளவு பிரியும். 000 இருந்தால் அந்த வேலையே இல்லை. அதன் 24.9 அங்குல ஸ்கேலில் அதே கம்பி 4 சதவீதம் தளர்வாக இருக்கும், உடலும் சிறியது, அடித்தளம் தானாகவே ஒதுங்கும்.

வகைத் தொகுப்பில் முதல் இடம் நைலானுக்கு. 650 மில்லிமீட்டர் ஸ்கேல், 52 மில்லிமீட்டர் நட், ஸ்டீலின் பாதி அளவே இழுவிசை. எந்த மரமும் தர முடியாத வேறுபாடு இது. புதுக் கம்பி சுருதியில் நிற்கச் சில நாட்கள் ஆகும். இதில் ஸ்டீல் கம்பியை ஒருபோதும் போடக் கூடாது. கம்பிகளை உடலில் பிடித்திருக்கும் ப்ரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும்.

12 கம்பியின் மொத்த இழுவிசை 100 கிலோவைத் தாண்டும். பழைய வாசிப்பாளர்கள் முழுச் சுரம் இறக்கி, இரண்டாம் ஃப்ரெட்டில் கேபோ போட்டு வாசிப்பது இதனால்தான். ஏற்றியே வைத்திருந்தால் காலப்போக்கில் ப்ரிட்ஜுக்குப் பின்னால் மேல்பலகை உப்பும், ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரமான ஆக்‌ஷன் உயரும். மூன்றாம் ஜோடியின் மெல்லிய ஜி கம்பிதான் அடிக்கடி அறும். அதை மட்டும் தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ரெசனேட்டரில் அலுமினியக் கோன் ஒட்டப்பட்டதல்ல, கம்பிகளின் அழுத்தத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. எல்லாக் கம்பிகளையும் ஒரே நேரத்தில் கழற்றினால் கோன் இடம் மாறி, பிறகு எதை வாசித்தாலும் கரகரக்கும். ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். கம்பிகளின் மேல் குழாயை வழுக்கி ஸ்லைடு வாசிப்பவருக்கு இது தங்கம். வெறும் அழகுக்காக வாங்கினால் தூசிதான் சேரும்.

பராமரிப்பில் ஒரே வகைக்காரருக்கு வேலை குறைவு. ஒரே கம்பி செட்டை மொத்தமாக வாங்கலாம், 12ஆம் ஃப்ரெட்டில் ஆறாம் கம்பிக்கு 2.4, முதல் கம்பிக்கு 1.8 மில்லிமீட்டர் என்று ஒரே கம்பி உயரத்தை எல்லாவற்றுக்கும் வைக்கலாம். ஈரப்பதம் இருவருக்கும் பொது எதிரி. முழுமரக் கிட்டாருக்கு 45-55 சதவீதம் வேண்டும். சென்னைக் கடற்காற்றில் மேல்பலகை உப்பி ஆக்‌ஷன் ஏறும், இரவெல்லாம் ஏசி ஓடும் அறையில் ஃப்ரெட் முனைகள் துருத்தும். கிட்டார்களைச் சுவரில் மாட்டாமல் பெட்டிக்குள் வைத்து, ஒரு பெட்டியிலாவது ஈரமானி வையுங்கள்.

வாங்கும் வரிசை இப்படி இருக்கலாம். மாதம் சில மேடைகளாவது உண்டு என்றால் இரண்டாவது கிட்டார் முதலாவதின் இரட்டை, மூன்றாவது நைலான். மேடை இல்லையென்றால் இரண்டாவதே நைலான் அல்லது 000. 12 கம்பியைப் பழையதாக வாங்குவதில் தவறில்லை. ஆனால் நேரான எஃகு அளவுகோலை ஃப்ரெட்டுகளின் மேல் வைத்து ப்ரிட்ஜ் வரை நீட்டிப் பாருங்கள். அதன் முனை ப்ரிட்ஜின் மேல்விளிம்பை உரசிச் செல்ல வேண்டும். விளிம்புக்குக் கீழே போய் இடித்தால் கழுத்தைக் கழற்றிக் கோணம் திருத்தி ஒட்டும் வேலை காத்திருக்கிறது. அந்தச் செலவைக் கழித்து விலை பேசுங்கள்.