படகைக் கட்டிவைக்கும் சங்கிலியை இணையத்தில் வாங்கப் போகிறவர்களே, 42,500 ரூபாய் இழந்தவள் சொல்கிறேன்

செவ்வாய்க்கிழமை விடியற்காலை எங்கள் பைபர் படகு கட்டறுத்துக்கொண்டு போய்க் கரையோரப் பாறையில் மோதிவிட்டது. இடது பக்க அடிப்பகுதி இரண்டு முழம் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. பாம்பனில் வடக்கிலிருந்து வாடைக்காற்று அடிக்கும் காலத்தில் படகை ஏன் வடகடலில் விட்டீர்கள் என்று கேட்காதீர்கள். தென்கடல் பக்கம்தான் கட்டியிருந்தோம். அன்றைய காற்றும் பெரிய காற்றில்லை. எங்கள் படகுக்குப் பக்கத்தில் நின்ற எட்டுப் படகுகளும் நின்ற இடத்திலேயே நின்றன. அவற்றில் பாதி பழைய நைலான் கயிற்றில் நிற்பவை. அறுந்தது எங்கள் சங்கிலி மட்டும்தான். அதற்குத்தான் நான் 42,500 ரூபாய் கொடுத்தேன்.

பணம் என் பெயரில் எடுத்த மகளிர் குழுக் கடன். நங்கூரமும் கயிறும் போதும் என்றுதான் என் கணவர் சொன்னார். கயிறு உரசித் தேய்ந்து இரண்டு முறை புதிதாக வாங்கியிருந்தோம். இனி ஒரேயடியாகக் கான்கிரீட் கட்டையும் சங்கிலியும் போட்டு நிரந்தரமாகக் கட்டிவிடலாம் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான். மொத்த வியாபாரிகளையும் வாங்குபவர்களையும் சேர்த்துவைக்கும் ஓர் இணையத் தளத்தில் தேடினேன். படகு கட்டுவதற்கென்றே முழு செட் என்று ஒருவர் போட்டிருந்தார். கடல் தரையில் கிடக்க 20 மி.மீ. கனமான சங்கிலி, மேலே வர 12 மி.மீ. சங்கிலி, நடுவில் திருகிக்கொள்ளாமல் இருக்க எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) சுழலி, ஷேக்கிள்கள் (குறுக்கே ஊசி போட்டுப் பூட்டும் U வடிவ வளையங்கள்), மிதவை, கயிறு.

நான் நம்பிய அந்த நிமிடத்தைச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் வீடியோ அழைப்பில் வந்தார். மேசை மேல் சங்கிலியைப் பரப்பி வைத்திருந்தார், வெள்ளிக் கொலுசு போல மின்னியது. பிறகு கையில் ஒரு காந்தத்தை எடுத்துச் சுழலியின் மேல் வைத்தார். வழுக்கி விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. “பாருங்கள் அக்கா, காந்தம் ஒட்டவில்லை. அப்படியென்றால் 316 தரம். கடலுக்கென்றே செய்தது, பத்து வருடம் திரும்பிப் பார்க்க வேண்டாம். மண்டபம் ஊரில் உங்களை மாதிரி நிறையப் பேர் வாங்கியிருக்கிறார்கள்” என்றார். அக்கா என்று சொன்ன வாயை நம்பினேன். அன்று மாலையே 42,500 ரூபாயும் முன்பணமாகப் போய்விட்டது. அது மார்ச் மாதம். இப்போது நவம்பர்.

அறுந்த வளையம் என் முன்னால் இருக்கிறது. சுழலியின் ஷேக்கிளில் மாட்டியிருந்த முதல் வளையம் அது. 12 மி.மீ. இருக்க வேண்டிய கம்பி, ஷேக்கிள் தொட்ட இடத்தில் பென்சில் முனை அளவுக்கு மெலிந்து அறுந்திருக்கிறது. அதற்கு மூன்று வளையம் தள்ளிப் பார்த்தால் துரு மட்டும்தான், தடிமன் அவ்வளவாகக் குறையவில்லை.

தூத்துக்குடித் துறைமுகப் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்த என் மாமா மறுநாளே வந்தார். பிரிக்காமல் மிச்சம் வைத்திருந்த ஒரு துண்டுச் சங்கிலியில் அரத்தை இரண்டே இழுப்பு இழுத்தார். வெள்ளை போய் இரும்பு தெரிந்தது. உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் ஹாட் டிப் முலாம் இந்தக் கனத்துக்குச் சுமார் 80 மைக்ரான் இருக்குமாம். எங்களுக்கு வந்தது மின்சாரத்தில் ஏற்றிய முலாம், பத்து மைக்ரான் தேறினாலே அதிகம் என்றார். கடலில் அது அதிக நாள் தாங்காது. ஹாட் டிப் பெரும்பாலும் இப்படி மின்னாது, சாம்பல் நிறத்தில் மங்கலாக, தடவினால் சொரசொரப்பாக இருக்கும். நான் எதைப் பார்த்து மயங்கினேனோ அதுவே மட்டமான சரக்கின் அடையாளம்.

காந்தம்? சாதாரண எஸ்.எஸ். ஆன 304 தரத்திலும் பொதுவாக ஒட்டாது, 316-இலும் ஒட்டாது. இரண்டையும் பிரிப்பது மாலிப்டினம் என்ற உலோகம். 316-இல் அது இரண்டு முதல் மூன்று சதவீதம் இருக்கும், உப்பு நீரில் குழி விழாமல் ஓரளவு காப்பது அதுதான். அதைக் கண்டுபிடிக்க ஒரு சொட்டு ரசாயனம் விட்டுப் பார்க்கும் சோதனை இருக்கிறது, காந்தத்தால் முடியாது. விற்றவருக்கு இது தெரியாதா?

மாமா சொன்ன இன்னொன்றுதான் என்னால் தாங்கவே முடியவில்லை. சுழலி உண்மையான 316 ஆக இருந்திருந்தாலும் இந்தச் சங்கிலியோடு அதைப் பூட்டியிருக்கவே கூடாதாம். உப்புத் தண்ணீரில் எஸ்.எஸ்.ஸும் துத்தநாகம் பூசிய இரும்பும் தொட்டுக்கொண்டால் பேட்டரி மாதிரி வேலை செய்யும். முதலில் துத்தநாகம் கரையும், பிறகு இரும்பு கரையும். அலை ஆட்ட ஆட்ட உரசல் துருவைச் சுரண்டிவிடும், புதிய இரும்பு வெளியே வரும், அதுவும் கரையும். செட் என்று சேர்த்து விற்றாரே, அந்தச் சேர்க்கையே எங்கள் சங்கிலியைத் தின்றிருக்கிறது.

அதே நாள் விற்றவரை அழைத்தேன். படம் அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். தொழில்நுட்பப் பிரிவு பார்க்கும் என்றார். மாலையில், “நீங்கள் சரியாகப் பராமரிக்கவில்லை மேடம்” என்றார். அக்கா போய் மேடம் வந்துவிட்டது. 316 என்று சொன்னீர்களே என்றதற்கு, ரசீதைப் பார்க்கச் சொன்னார். ரசீதில் ‘எஸ்.எஸ். சுழலி, ஜி.ஐ. சங்கிலி’ என்று மட்டும்தான் இருக்கிறது. ஜி.ஐ. என்றால் துத்தநாகம் பூசிய இரும்பு, அவ்வளவுதான்; தரம் இல்லை, முலாம் வகை இல்லை. அதன் பிறகு என் எண்ணையே முடக்கிவிட்டார். தளத்தின் உதவி மையத்திலோ, நாங்கள் அறிமுகம் செய்துவைப்பவர்கள் மட்டுமே, பொருளின் தரத்துக்குப் பொறுப்பில்லை, ஏழு நாட்களுக்குள் சொல்லியிருக்க வேண்டும் என்கிறார்கள். துரு ஏழு நாளில் சங்கிலியைத் தின்றுவிடுமா? தொழிலுக்கு வாங்கியதால் நான் நுகர்வோரே இல்லை என்று அங்கேயே ஒரு பெண் வேறு சொன்னார். அது பொய். சொந்த உழைப்பில் பிழைப்பதற்காக வாங்குகிறவர் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். 42,500 ரூபாயில் ஒரு ரூபாய்கூட இன்னும் வரவில்லை, படகுச் செலவு தனி.

வாங்கப் போகிறவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன், நேரமில்லை. மின்னுகிற சங்கிலியைத் தொடாதீர்கள். துத்தநாகம் பூசியதானால் ஹாட் டிப் என்றும், எஸ்.எஸ். ஆனால் 316 என்றும் ரசீதில் எழுதி வாங்குங்கள், எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். தண்ணீருக்கடியில் எல்லாம் ஒரே உலோகமாக இருக்கட்டும். ஷேக்கிளின் குறுக்கு ஊசி கழன்றுவிடாமல் கட்டிவையுங்கள். சங்கிலி தரையைத் தொட்டு எழும் இடமும் ஷேக்கிள் மாட்டும் இடமும்தான் முதலில் தேயும், மாதம் ஒரு முறை முங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள்.

பைபர் ஒட்டுகிறவர் வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை குழுத் தவணை. அந்த வளையத்தை மட்டும் துணியில் சுற்றி எடுத்துவைத்திருக்கிறேன், நுகர்வோர் ஆணையத்தில் காட்ட.