அரோல்சன் காப்பகத்தின் இணையத் தேடல்: செயின்ட் லூயிஸ் பயணிகளைத் தேடுவோருக்கு

1939 மே 13 அன்று 937 பேருடன் ஹாம்பர்க்கை விட்டுக் கிளம்பிய செயின்ட் லூயிஸ் கப்பலில் ஏறக்குறைய எல்லோரும் யூத அகதிகள். கியூபா 28 பேரை மட்டுமே இறங்க விட்டது. ஜெர்மனி, ஆஸ்திரியாவிலிருந்து ஆண்டுக்கு 27,370 பேரே குடியேறலாம் என்ற ஒதுக்கீட்டைக் காட்டி, முறை வரும்வரை காத்திருக்கச் சொன்னது அமெரிக்கா. கனடாவும் கைவிரித்தது. ஐரோப்பாவுக்குத் திரும்பியவர்களில் 288 பேரை பிரிட்டன் ஏற்றது. பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து போய்ச் சேர்ந்த 620 பேரில் 254 பேர் யூத இனப்படுகொலையில் மாண்டார்கள்.

இவர்களின் முடிவைத் தேட, நாஜிக் கொடுமைக்கு ஆளானோரின் ஆவணங்களை வைத்திருக்கும், ஜெர்மனியின் பாட் அரோல்சனில் உள்ள அரோல்சன் காப்பகத்தின் தளம் நல்ல கருவி. கட்டணம் கிடையாது. ஆனால் பெயரை மட்டும் தட்டினால் ஏமாற்றமே. பிறந்த தேதியோடு தேடுங்கள். உயிரெழுத்தின் மேல் இரு புள்ளி வரும் ஜெர்மன் பெயர்களை, புள்ளி இல்லாமல் ஒரு முறையும் அந்த உயிரெழுத்துக்குப் பின்னால் 'e' எழுத்தைச் சேர்த்து ஒரு முறையும் போட்டுப் பார்க்க வேண்டும். 1939 ஜனவரி முதல் நாஜிச் சட்டம் திணித்த 'இஸ்ரேல்', 'சாரா' என்ற கூடுதல் பெயர்கள் ஆவணத்தில் இருக்கும். தேடும்போது அவற்றை விட்டுவிடுங்கள்.

பெரிய தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு. ஆண் பயணி ஒருவரின் பெயரில் டாகாவ் அல்லது புகன்வால்ட் நாஜி வதைமுகாமின் கைதி அட்டை கிடைத்ததும், அங்கேதான் அவர் இறந்தார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1938 நவம்பர் வன்முறைக்குப் பின் சுமார் 30,000 யூத ஆண்களை முகாம்களில் அடைத்தார்கள். நாட்டை விட்டுப் போகிறோம் என்று ஒப்புக்கொண்ட பலரை விடுவித்தார்கள். எனவே விடுதலைத் தேதியைப் பாருங்கள். அது மே 13க்கு முந்தையது என்றால் அந்த அட்டை கப்பலுக்கு முந்தைய கதை. பிந்தைய கதையை பிரான்சின் டிரான்சி, பெல்ஜியத்தின் மெக்கலன், நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் முகாம்களின் பட்டியல்களில் தேடுங்கள்.

பெயர் கிடைக்காததால் பிழைத்தார் என்றும் ஆகாது. பல பட்டியல்கள் பெயர்வாரியாகப் பதிவாகவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும். குடும்பத்தினர் விசாரணைப் படிவமும் அனுப்பலாம். அதுவும் இலவசம்தான், பதிலுக்குப் பொறுமை வேண்டும். அட்டையில் உள்ள குறியீடுகளுக்குத் தளத்திலேயே தெளிவான வழிகாட்டி உண்டு, மிக நேர்த்தியான வேலை.

அவர்களை ஏன் ஏற்கவில்லை என்பதற்கான கோப்புகளை இங்கே தேட வேண்டாம். மறுத்த அமெரிக்க, கனடா அரசுகளின் கடிதப் போக்குவரத்து அந்தந்த நாட்டின் தேசியக் காப்பகத்தில் இருக்கிறது.